ஓட ஆரம்பிச்சு எட்டு வாரம், கால்ல வலி: என் ஸ்டைல் தப்பா டாக்டர்?

இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் ரொம்ப நீளம், சுருக்கி சொல்றேன். எழுதினவங்களுக்கு 39 வயசு, பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க. நாள் முழுக்க உக்காந்து பாக்கற வேலை, ரெண்டு பசங்க, ஸ்கூல் முடிச்சதுக்கு அப்புறம் பஸ் புடிக்க ஓடினதோட சரியாம். எட்டு வாரம் முன்னாடி ஓட ஆரம்பிச்சிருக்காங்க. முதல் வாரம் கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம்னு போயிருக்கு, ரெண்டாவது வாரக் கடைசியில நிக்காம 5 கிலோமீட்டர் 40 நிமிஷத்துல ஓடிட்டாங்க, அந்த குஷியில அப்புறம் வாரத்துக்கு ஆறு நாளும் அதே 5 கிலோமீட்டர். நாலாவது வாரம் கூட ஓடற ஒருத்தர் இவங்க ஓடறத ஸ்லோ மோஷன்ல எடுத்து க்ரூப்ல போட்டிருக்கார். "குதிகால்ல தொப்பு தொப்புன்னு விழறீங்க, வாத்து மாதிரி இருக்கு"ன்னு கமென்ட்.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து வீடியோவா பாத்துத் தள்ளி, ஒரே வாரத்துல மூணு விஷயத்த மாத்திட்டாங்க. முன்பாதத்துல இறங்கறது, தாளம் தட்டற மெட்ரோனோம் ஆப்ப நிமிஷத்துக்கு 180ல வச்சு அந்த தாளத்துக்கு அடி வைக்கறது (அதுவரைக்கும் வாட்ச் காட்டினது 158), அப்புறம் அடி மெலிசா இருக்கற ஷூ. ஆறாவது வாரத்துல இருந்து வலது கணைக்கால் எலும்போட உள்பக்கம், கீழ்ப்பாதியில வலி. ஓட ஆரம்பிச்ச பத்து நிமிஷம் வலிக்குது, அப்புறம் அடங்குது, ராத்திரி படுத்தா திரும்ப வருது. வாட்ச் இதயத்துடிப்ப எப்பவும் சிவப்புலயே காட்டுது. மாமியார் "இந்த வயசுல ஓடினா முட்டி தேஞ்சுரும்"ங்கறாங்க. இன்னும் ஏழு வாரத்துல ஒரு 10 கிலோமீட்டர் ரேஸ், பணம் கட்டியாச்சு. நடுவுல ஒரு ஆன்லைன் கோச், 12 வாரத்துல ஸ்டைல சரி பண்ணிடறேன், அப்புறம் காயமே வராதுன்னு உறுதி குடுக்கறாராம். சேரலாமா, இல்ல ஓட்டமே எனக்கு ஒத்து வராதான்னு கேக்கறாங்க. கடைசியில அடைப்புக்குறிக்குள்ள ஒரு வரி: ராத்திரி சாப்பாட்ட நிறுத்தி மூணு மாசம் ஆச்சு, எடை நல்லா குறையுது, ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரல, "வயசு காரணமா இருக்கும்னு விட்டுட்டேன்".

சகோதரி, மூணு பக்கம் ஸ்டைல பத்தி எழுதியிருக்கீங்க, ஒரு பிசியோதெரபிஸ்டா எனக்கு பக்குனு ஆனது அந்த அடைப்புக்குறி தான். அதனால நீங்க கேட்ட வரிசையில போகாம அங்க இருந்தே ஆரம்பிக்கறேன், கோவிச்சுக்காதீங்க.

அடைப்புக்குறிக்குள்ள இருந்த வரி

39 வயசுல ரெண்டு மாசம் தொடர்ந்து பீரியட்ஸ் வரலைன்னா அத வயசு மேல போட்டுட்டு நகரக் கூடாது. முதல்ல வீட்லயே ஒரு கர்ப்ப பரிசோதனை பண்ணிடுங்க, சிரிக்காதீங்க, அது தெரிஞ்சா தான் மத்த டெஸ்ட் எல்லாம் எப்படின்னு முடிவு பண்ண முடியும். தைராய்டு, இன்னும் சில ஹார்மோன் கோளாறுன்னு வேற காரணங்களும் இருக்கலாம், அத மகப்பேறு டாக்டர் பாத்து சொல்லட்டும். ஆனா உங்க கதையில இன்னொரு காரணம் கண்ணு முன்னாடியே நிக்குது. ஒரு பக்கம் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓட்டம் புதுசா சேந்திருக்கு, இன்னொரு பக்கம் ஒரு வேளை சாப்பாடு போயிடுச்சு. வரவு குறைஞ்சு செலவு ஏறினா வீட்ல என்ன பண்ணுவோம், அவசரம் இல்லாததை எல்லாம் நிறுத்துவோம்ல, உடம்பும் அதையே தான் பண்ணுது. இனப்பெருக்கம் அதுக்கு இப்போதைக்கு அவசரம் இல்ல, மூடிடுது. ஈஸ்ட்ரோஜன் குறையுது, கூடவே எலும்பு கட்டற வேலையும் குறையுது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல இதுக்கு ரெட்-எஸ் (RED-S, விளையாட்டுல வர்ற ஆற்றல் பற்றாக்குறை)னு ஒரு பேரே வச்சுது. பெரிய வீராங்கனைகளுக்கு மட்டும் வர்றதுன்னு நினைக்காதீங்க, எடை குறைக்கணும்னு ஓட வர்றவங்ககிட்ட நான் சாதாரணமா பாக்கறது இது, ஆம்பளைங்களுக்கும் வரும், அவங்களுக்கு காட்டிக் குடுக்க பீரியட்ஸ் இல்ல அவ்வளவு தான். ராத்திரி சாப்பாட்ட இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க, டாக்டர பாக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எடை குறையறது கொஞ்சம் நிக்கும். நிக்கட்டும்.

வலிக்கற இடத்துல விரல வச்சுப் பாருங்க

கணைக்கால் எலும்போட உள் ஓரத்த கட்டை விரலால மேல இருந்து கீழ வரைக்கும் அழுத்திக்கிட்டே வாங்க. நாலு விரல் அகலத்துக்கு, அதுக்கு மேலயும் பரவலா வலிச்சா ஷின் ஸ்ப்ளின்ட்டா இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது எலும்போட மேலுறையும் அதுல ஒட்டியிருக்கற சதையும் சேந்து புண்பட்ட மாதிரி. அப்படி இல்லாம ஒரு நாணயம் அளவு இடத்துல மட்டும், தொட்டாலே துள்ற மாதிரி வலிச்சா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா இருக்கலாம், எலும்புல மயிரிழை விரிசல்.

நீங்க சொல்ற அடையாளம் ரெண்டு பக்கமும் இழுக்குது. பத்து நிமிஷத்துல சூடாகி அடங்கறது ஷின் ஸ்ப்ளின்ட்டோட குணம். ராத்திரி சும்மா படுத்திருக்கும்போது வலிக்கறது எனக்குப் புடிக்காத அடையாளம், அதோட பீரியட்ஸும் நின்னிருக்கு. வேற யாராச்சும் இருந்தா ரெண்டு வாரம் ஓய்வு எடுத்துட்டுப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன், உங்களுக்கு அப்படி சொல்ல மாட்டேன். இந்த வாரமே ஒரு எலும்பு டாக்டர இல்ல விளையாட்டு மருத்துவர நேர்ல பாருங்க. எக்ஸ்ரே நார்மல்னு வந்தா நிம்மதியாகி மறுநாளே ஓடிடாதீங்க, இந்த மாதிரி விரிசல் முதல் சில வாரம் எக்ஸ்ரேல தெரியாமலே போறது சகஜம், எம்ஆர்ஐல தான் தெரியும். பீரியட்ஸ் விஷயத்த அந்த டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, எலும்பு டாக்டர் தானே அவருக்கு எதுக்குன்னு விட்டுடாதீங்க.

அதுவரைக்கும் ஓட்டம் கிடையாது. வலிக்காத வரைக்கும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நீச்சல் தெரிஞ்சா நீச்சல்.

"நல்லா தானே ஓடிட்டு இருந்தேன், ஆறாவது வாரத்துல திடீர்னு எப்படி"ன்னு கேட்டிருக்கீங்க. திடீர்னு இல்லீங்க. மூச்சும் இதயமும் ரெண்டு மூணு வாரத்துலயே பழகிடும், சதைக்கு கொஞ்சம் கூட ஆகும், எலும்பு தான் இருக்கறதுலயே நிதானமான ஆள். புதுசா பாரம் விழுந்தா அது முதல்ல பழைய எலும்ப அரிச்சு எடுக்கும், அப்புறம் தான் புதுச கட்டும். அரிக்கறது சில வாரத்துல முடிஞ்சிடும், கட்டறதுக்கு மாசக்கணக்கு. நடுவுல ஒரு காலம் எலும்பு முன்ன இருந்தத விட பலவீனமா தான் இருக்கும், வீட்ல தரைய பேத்துப் போட்டுட்டு புது டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி இருக்கற நிலைமை மாதிரி. உங்க மூச்சு தயார், மனசு தயார், எலும்பு பேத்துப் போட்ட தரையா கெடக்கு, சரியா அந்த நேரத்துல நீங்க ஸ்டைலையும் ஷூவையும் மாத்தி அது மேல ஆடியிருக்கீங்க. நீங்க சொன்ன கணக்குப்படி ஒரு நாள் ஓட்டத்துல வலது கால் மட்டும் 3000 தடவைக்கு மேல தரையில இறங்குது, ஒவ்வொரு தடவையும் உங்க எடைய போல ரெண்டுல இருந்து மூணு மடங்கு.

வாத்து மாதிரி ஓடினா என்ன

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல எமில் சாட்டோபெக்னு ஒருத்தர் 5000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூணுலயும் தங்கம் வாங்கினார், மாரத்தான் அவருக்கு அது தான் வாழ்க்கையில முதல் தடவை. அவர் ஓடறத பாத்தா யாரோ நெஞ்சுல கத்திய வச்ச மாதிரி இருக்கும், தலை ஒரு பக்கம் சாய, முகம் கோண, தோள் தூக்கிக்கிட்டு. பவுலா ராட்கிளிஃப்னு இங்கிலாந்து வீராங்கனை ஒருத்தங்க ஓடும்போது தலை அடிக்கு ஒரு தடவை ஆடும், அந்த ஆட்டத்தோடயே 2003 லண்டன் மாரத்தான்ல 2 மணி 15 நிமிஷம் 25 வினாடில ஓடினாங்க, 16 வருஷம் அந்த உலக சாதனைய எந்த பெண்ணாலயும் தொட முடியல. அழகா ஓடறது வேற, உடம்புக்கு ஒத்து வர்ற மாதிரி ஓடறது வேறங்க. உங்க க்ரூப்புக்கு தெரிஞ்சது முதலாவது மட்டும் தான்.

குதிகால் விஷயத்துக்கு வர்றேன். குதிகால்ல இறங்கினா தப்பு, முன்பாதம் தான் இயற்கைன்னு வீடியோல சொல்லியிருப்பாங்க. பொழுதுபோக்கா ஓடறவங்கள்ல பெரும்பாலானவங்க குதிகால்ல தான் இறங்கறாங்க. அவங்கள விடுங்க, 2017ல லண்டன்ல நடந்த உலக தடகளப் போட்டி மாரத்தான்ல ஓடினவங்களையே படம் புடிச்சு அலசினப்போ ஆண்கள்லயும் பெண்கள்லயும் பாதிக்கு மேல குதிகால் தான். முன்பாதத்துக்கு மாறினா பாரம் காணாம போகாது, முட்டில இருந்து எடுத்து கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்குப் பின்னாடி இருக்கற அக்கிலிஸ் தசைநாணுக்கும் குடுக்குது, அவ்வளவு தான். முட்டி வலி நாள்பட இருக்கறவங்களுக்கு நானே சில சமயம் இந்த மாத்தத்த சொல்லுவேன், அதுவும் மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா. உங்களுக்கு முட்டியில பிரச்சனையே இல்ல, இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்க. முன்பாதமும் மெலிசு ஷூவும் ரெண்டுமே கெண்டைக்கால இழுக்கற மாத்தம், அந்த கெண்டைக்கால் சதை எங்க ஒட்டியிருக்கோ அங்க பக்கத்துல தான் உங்களுக்கு வலி.

அப்ப வீடியோல எதைத் தான் பாக்கணும்? பாதத்தோட எந்தப் பகுதி முதல்ல படுதுங்கறத விட, பாதம் எங்க போய் விழுதுங்கறது முக்கியம். பாதம் தரைய தொடற அந்த ஃப்ரேம்ல வீடியோவ நிறுத்துங்க. கணைக்கால் கிட்டத்தட்ட நேரா நிக்குதா, முட்டி கொஞ்சம் மடங்கியிருக்கா, அப்ப குதிகால் முதல்ல பட்டாலும் ஒண்ணும் ஆகாது. கால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி நீட்டி, முட்டி விறைப்பா, கணைக்கால் சரிவா இருந்தா தான் பிரச்சனை, ஒவ்வொரு அடியும் பிரேக் போட்ட மாதிரி, தொப்பு தொப்புன்னு சத்தம் வர்றதும் அநேகமா அதனால தான். இதுக்கு ஓவர்ஸ்ட்ரைடிங்னு பேர். புதுசா ஓடறவங்க ஸ்டைல்ல நான் கை வைக்கறதுன்னா பெரும்பாலும் இது ஒண்ணுல தான்.

அத சரி பண்ண சுலபமான வழி அடிய கொஞ்சம் சின்னதாக்கி, கொஞ்சம் சீக்கிரம் சீக்கிரமா வைக்கறது. இங்க தான் அந்த 180 வருது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல ஜாக் டேனியல்ஸ்ங்கற பயிற்சியாளர் வீரர்களோட அடிய உக்காந்து எண்ணினார், கிட்டத்தட்ட எல்லாருமே நிமிஷத்துக்கு 180 இல்ல அதுக்கு மேல. அவர் எண்ணினது யார, எப்பங்கறத கவனிங்க: உலகத்துலயே வேகமானவங்கள, பந்தயம் நடக்கும்போது. வேகம் கூடினா அடியும் தானா கூடும், கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம்னு ஓடற உங்களுக்கும் எனக்கும் அந்த நம்பர் பொருந்தணும்னு ஒரு சட்டமும் இல்ல. 2011ல வெளிவந்த ஒரு ஆய்வுல, அவங்கவங்க வழக்கமா வைக்கற அடிக்கு மேல 5ல இருந்து 10 சதவீதம் கூட்டினாலே முட்டி, இடுப்பு மேல விழற பாரம் குறையுதுன்னு காட்டினாங்க. உங்க 158க்கு 5 சதவீதம் கூட்டினா 166. நீங்க ஏத்தினது 180, அதாவது 14 சதவீதம், ஒரே ராத்திரியில, மத்த ரெண்டு மாத்தத்தோட சேத்து.

குணமாகி திரும்ப ஓடும்போது 166ஐ கூட முழு ஓட்டத்துக்கும் வைக்காதீங்க. ஒரு நிமிஷம் அந்த தாளத்துல, அப்புறம் ஆப்ப அணைச்சுட்டு உங்க இஷ்டத்துக்கு, திரும்ப ஒரு நிமிஷம், இப்படி ஒரு ஓட்டத்துல நாலஞ்சு தடவை போதும். அதுல மனசுல வச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சத்தம் கம்மியா இறங்கணும். குதிகாலா முன்பாதமானு நினைக்கவே நினைக்காதீங்க, காது சொல்றத கால் கேட்டுக்கும். தோள இறக்குங்க, பார்வைய தரையில இருந்து எடுத்து முன்னாடி வைங்க, இது ரெண்டும் சும்மா நினைவு வரும்போது. கை எப்படி ஆடணும், விரல எப்படி மடக்கணும்ங்கறதுக்கெல்லாம் நேரத்த செலவழிக்காதீங்க. நான் ஓட ஆரம்பிச்ச புதுசுல என் இடது கை நெஞ்சுக்கு குறுக்க போகுதுன்னு ரெண்டு மாசம் அதையே புடிச்சு நேராக்கிட்டு இருந்தேன், கடைசியில கழுத்து புடிச்சுக்கிட்டது தான் மிச்சம், கை இன்னைக்கும் குறுக்க தான் போகுது.

முட்டி, வாட்ச், கோச்

மாமியார் சொல்றது ஊர்ல எல்லாரும் சொல்றது தான், அவங்கள குறை சொல்ல முடியாது. 2017ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தப்போ, பொழுதுபோக்கா ஓடறவங்கள்ல சுமார் 3.5 சதவீதம் பேருக்கு தான் முட்டி இல்ல இடுப்பு மூட்டுல தேய்மானம் இருந்துச்சு, ஓடாம உக்காந்தே இருக்கறவங்கள்ல அது சுமார் 10 சதவீதம். போட்டிக்குன்னு தீவிரமா ஓடறவங்களுக்கு 13 சதவீதத்துக்கு மேல, அதையும் சேத்தே சொல்லிடறேன், மறைச்சா நியாயம் இல்ல. ஓடறதால தான் குறைஞ்சதுன்னு இத வச்சு அடிச்சு சொல்லவும் முடியாது, மூட்டு நல்லா இருக்கறவங்க தான் ஓடவே வருவாங்கங்கறதும் ஒரு காரணமா இருக்கலாம். ஆனா அளவா ஓடினா முட்டி தேஞ்சுரும்ங்கற பயத்துக்கு ஆதாரம் இல்ல. முட்டியில ஏற்கனவே அடிபட்டு ஆபரேஷன் ஆனவங்க கதை தனி.

வாட்ச் உங்க வயச 220ல இருந்து கழிச்சு 181னு வச்சுக்கிட்டு கட்டம் போட்டிருக்கும், அந்தக் கணக்கு ஒருத்தருக்கு பத்து பன்னெண்டு துடிப்பு முன்ன பின்ன இருக்கறது சாதாரணம். மணிக்கட்டு சென்சார் சில சமயம் துடிப்ப விட்டுட்டு உங்க அடியவே எண்ணும், நீங்க 180 அடி வச்சு ஓடினா அது 180 துடிப்புன்னு காட்டி பயமுறுத்தும். பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா பாருங்க, முடியலைன்னா வேகம் ஜாஸ்தி, நடங்க. ஆனா ஓடும்போது நெஞ்சு வலி, தலை சுத்தல், மயக்கம், இல்ல குடும்பத்துல சின்ன வயசுலயே திடீர்னு இதயக் கோளாறுல போனவங்க இருந்தா, ஸ்டைலும் வேண்டாம் வாட்ச்சும் வேண்டாம், முதல்ல இதய டாக்டர்.

காயமே வராதுன்னு ஒரு கோச் உறுதி குடுத்தா அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விலகிடுவேன், அப்படி ஒரு ஸ்டைல் உலகத்துல இல்ல. நல்ல கோச் உங்ககிட்ட முதல்ல கேக்கறது வீடியோவா இருக்காது, வாரத்துக்கு எவ்வளவு ஓடறீங்க, எங்க வலிக்குது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படினு தான் கேப்பார். இவர் கேட்டாரா? பணம் கட்டறதா இருந்தா நடுவுல உடம்பு முடியலைன்னா திருப்பித் தருவாங்களான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. எப்படியும் இப்ப சேராதீங்க, வலியோட இருக்கற காலுக்கு ஸ்டைல் சொல்லிக் குடுக்கறது கல்யாண வீட்ல தீப்புடிச்சிருக்கும்போது கோலம் திருத்தற மாதிரி.

ஏழு வாரத்துல 10 கிலோமீட்டர்

முடியாதுங்க. சோஃபால இருந்து 5 கிலோமீட்டர்னு பேர் எடுத்த திட்டம் ஒண்ணு இருக்கு, ஜாஷ் கிளார்க்ங்கறவர் 1996ல போட்டது, அதுல 5 கிலோமீட்டருக்கே ஒன்பது வாரம், வாரத்துக்கு மூணு நாள் தான், முதல் வாரம் 60 வினாடி ஓட்டம் 90 வினாடி நடை. நீங்க அத ரெண்டு வாரத்துல முடிச்சீங்க, உங்க மூச்சு நல்லா இருக்குங்கறதுக்கு அது அடையாளம், ஆனா காலுக்கு அந்த மிச்ச ஏழு வாரம் பாக்கி இருக்கு.

ஸ்கேன்ல வெறும் ஷின் ஸ்ப்ளின்ட்னு வந்து, டாக்டரும் சரின்னு சொல்லி, வலி இல்லாம அரை மணி நேரம் வேகமா நடக்க முடிஞ்சு, வலது கால்ல மட்டும் பத்து தடவை குதிச்சும் வலிக்கலைன்னா, அந்த 60க்கு 90 கணக்குல இருந்து திரும்ப ஆரம்பிக்கலாம், பழைய ஷூவோட, ஒரு நாள் விட்டு ஒரு நாள். விரிசல்னு வந்தா டாக்டர் ஓடலாம்னு சொல்ற வரைக்கும் குதிச்சு பாக்கற சோதனையே கூடாது, ஓட்டத்துக்கு திரும்ப ரெண்டு மூணு மாசம் ஆகும்னு மனச தயார் பண்ணிக்கோங்க.

ரேஸ் நடத்தறவங்ககிட்ட இப்பவே எழுதிக் கேளுங்க, 5 கிலோமீட்டர் பிரிவுக்கு மாத்த முடியுமா, அடுத்த வருஷத்துக்கு தள்ள முடியுமானு, தேதி நெருங்கினா மாட்டேன்னுடுவாங்க. அதுக்குள்ள டாக்டர் அனுமதி கெடச்சா 5 கிலோமீட்டர நடந்தும் ஓடியும் முடிக்கலாம், கெடைக்கலைன்னா பணம் போனா போகட்டும். உங்க நம்பர வேற யாருக்காச்சும் குடுத்து உங்க பேர்ல ஓட மட்டும் விடாதீங்க, அவங்களுக்கு வழியில ஏதாவது ஆனா மருத்துவக் குழு கையில உங்க பேரும் உங்க வீட்டு போன் நம்பரும் தான் இருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்க. அந்த வாத்து வீடியோவையும் கூடவே அனுப்புங்க, கால் தரைய தொடற நேரத்துல முட்டி எவ்வளவு மடங்குதுன்னு நானே ஒரு தடவை பாத்துடறேன்.